வில்பட்டி ஊற்றை நான் கட்டிய கதை

நான் ஒரு திருடன். பணம், நகை போன்ற சில்லறைச் சமாச்சாரங்களில் கை வைத்தவன் இல்லை. நான் திருடியது ஒரு நீரூற்று.

ஊற்றை எப்படித் திருட முடியும் என்று கேட்பீர்கள். முடியும். கொடைக்கானல் மலையில் இருக்கிற ஊற்றை, மதுரையில் ஒரு மாணவர் விடுதி அறையில் உட்கார்ந்தபடியே, ஒரு கூடை மண்கூட அள்ளாமல் திருடலாம். அதற்கு வேண்டியது கொஞ்சம் ஆங்கிலமும், ஆங்கிலம் சரியாக வராத, உங்களை முழுசாக நம்புகிற ஒரு நண்பனும். அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு இரண்டும் வாய்த்திருந்தன.

இந்தக் கதையை என் வீட்டில் பல வருஷமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர்கள் சொல்லும்போது நான் வெறும் கோமாளியாக வருகிறேன். அது எனக்குக் கிடைத்த சலுகை. கோமாளித்தனம் பாதிதான். மீதியையும் சேர்த்து நானே எழுதிவிடுவது நல்லது. எண்பதைத் தாண்டியாகிவிட்டது.

நான் பழனி அடிவாரத்துக்காரன். கோயிலுக்கு வருகிறவர்களுக்கு விபூதிப் பையும் பித்தளை வேலும் விற்கிற கடை அப்பாவுடையது. முருகன் புண்ணியத்தில் எங்களுக்குக் குறைவில்லை. மதுரையில் பி.ஏ. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். என் அறைத்தோழன் குழந்தைவேலு. கொடைக்கானலிலிருந்து நாலு மைல் கீழே இறங்கினால் வில்பட்டி. அங்கே உருளைக்கிழங்கும் பூண்டும் போடுகிற வீட்டுப் பையன். அவன் ஊரிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். ஆங்கில வகுப்பில் தூணுக்குப் பின்னால் இடம் பிடித்து உட்காருவான். பேராசிரியர் தூணைச் சுற்றி வந்தால் அவனும் தூணைச் சுற்றி வருவான்.

ஒருநாள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். மாணவர் பொதுப்பணி உதவித்தொகை. மாவட்டத்துக்கு ஒரே ஒரு மாணவர். தேர்வானால் கடைசி வருஷத்துக் கல்லூரிச் சம்பளமும் விடுதிச் செலவும் அவர்கள் பொறுப்பு. அதோடு இரண்டு மாதம் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் பயிற்சி. விண்ணப்பிக்கிறவர் தம் முயற்சியால் ஏதாவது ஒரு பொதுப்பணி செய்திருக்க வேண்டும். அதை ஆங்கிலத்தில் விவரமாக எழுதி, தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும்.

குழந்தைவேலு அந்தத் தாளுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றான். அந்த வருஷம் பனியில் அவர்கள் வீட்டுக் கிழங்குச் செடி முழுக்கக் கருகிப்போயிருந்தது. மூன்றாம் வருஷத்துக்கு நம்மால் ஆகாது என்று அவன் அப்பா ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார். இது கிடைத்தால் படிப்பு, இல்லாவிட்டால் மண்வெட்டி. அவனுக்கு வேறு வழி கிடையாது.

எனக்கு அந்த உதவித்தொகை எதற்கு? சொன்னால் சிரிப்பீர்கள். ஜீப்புக்காக. வட்டார வளர்ச்சி அலுவலகம் என்றால் அன்றைக்கு ஜீப். பயிற்சி மாணவனும் அதில்தான் ஏறிப் போவான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அடிவாரத்தில் எங்கள் கடை வாசலில் ஜீப்பிலிருந்து ஒரு காலை மட்டும் வெளியே வைத்து, உடனே இறங்காமல், சற்று நேரம் யோசனையில் இருப்பதுபோல் இருக்க வேண்டும். என்னுடைய தேசத்தொண்டு அவ்வளவுதான். அதற்குமேல் நான் யோசித்திருக்கவில்லை.

"ஏலே தண்டபாணி, நான் தமிழ்ல எழுதித் தாரேன். நீ இங்கிலீஷ்ல போட்டுக் குடுத்துருவயா?" என்றான் குழந்தைவேலு.

"இதெல்லாம் ஒரு சோலியா, கொண்டாடா" என்றேன். அந்த நிமிஷம்வரை நான் யோக்கியன்.

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கொடுத்தான். படித்தேன். வில்பட்டியில் அவர்கள் பகுதிக்கு ஓர் ஓடைதான் தண்ணீர். மனிதர், மாடு, காய்கறி மூட்டை சுமக்கிற மட்டக்குதிரை, எல்லாருக்கும் அதே ஓடை. மழைக்காலம் வந்தால் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. அவன் தங்கை ஒருத்தி அதில்தான் போனாள். அதற்கப்புறம் இரண்டு கோடை விடுமுறையில், மேலே பாறை இடுக்கில் கசிந்துகொண்டிருந்த ஊற்றைத் தோண்டி, கல் சுமந்து கட்டி, மூங்கில் பிளந்து தண்ணீரைக் கீழே கொண்டுவந்திருக்கிறான். தொட்டி இரண்டு. மேலத் தொட்டி சின்னது, பலகை மூடி போட்டது, மனுஷருக்கு. அது நிறைந்து வழிகிற தண்ணீர் கீழத் தொட்டிக்குப் போகும். அது பெரியது, குதிரைக்கும் மாட்டுக்கும். குதிரைக்காரர்கள்தான் ஆரம்பத்தில் கல் சுமக்க மறுத்தவர்கள். உங்கள் குதிரைக்கும் தனித்தொட்டி உண்டு என்றதும் அவர்களே முதல் ஆளாக வந்து நின்றார்கள். இதை அவன் மூன்று பக்கம் எழுதியிருந்தான். எந்தக் குதிரைக்காரர் என்ன சொன்னார் என்பதுவரை இருந்தது.

நான் மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். சத்தியமாக அவனுக்காகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஆங்கிலம் அன்றைக்கு எனக்கு அருவி மாதிரி கொட்டியது. ஊற்று என்பது 'பள்ளத்தாக்கின் மௌனக் கண்ணீர்' ஆயிற்று. மூங்கில் குழாய் ஏதோ ரோமாபுரிக் கால்வாய்போல் நீண்டது. தொட்டி நீர்த்தேக்கமாயிற்று. குதிரை விஷயம் மட்டும் அந்த நடைக்கு ஒத்துவரவில்லை. கண்ணீர் விடுகிற பள்ளத்தாக்கில் குதிரை எதற்கு என்று மூன்று பக்கத்தையும் விட்டுவிட்டேன். இரண்டு தொட்டி ஒரே நீர்த்தேக்கமாகச் சுருங்கியது.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. (ஊற்றுக்காக அல்ல, என் ஆங்கிலத்துக்காக.) இப்படிப்பட்ட ஆங்கிலத்தை இன்னொருவன் பேரில் அனுப்புவதா என்று தோன்றியது. இந்த எழுத்து என்னுடையது. எழுத்து என்னுடையது என்றால் அதிலுள்ள ஊற்றும் ஓரளவு என்னுடையதுதானே? திருடனுடைய தர்க்கம் இப்படித்தான், படிப்படியாக, ரொம்ப நியாயமாக இறங்கும்.

மறுநாள் தட்டச்சு நிலையத்துக்குப் போய் இரண்டு விண்ணப்பம் அடித்து வாங்கினேன். பள்ளத்தாக்கின் கண்ணீர் என் பேரில். குழந்தைவேலுவின் பேரில் நாலே வரி: எனக்கு விவசாயத்தில் ஆர்வம் உண்டு. விடுமுறையில் தந்தைக்கு உதவுவேன். கிராமத்தை நேசிக்கிறேன். வாய்ப்பளித்தால் நன்றியுடையவனாவேன்.

அவன் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். "நாற்பது பக்கம் எழுதினேன், நீ ஒரே பக்கத்துல முடிச்சுட்டயே" என்றான்.

"ஆங்கிலம் சுருக்கமான பாஷைடா" என்றேன்.

இடத்தின் பெயர் என்ற கட்டத்தில் வில்பட்டி என்று போடாமல் இருக்க முடியவில்லை. அதைப்பற்றி நான் கவலைப்படவில்லை. விண்ணப்பத்தில் எழுதியதை நேரில் போய்ப் பார்க்கிற குழு இந்த நாட்டில் இன்னும் பிறக்கவில்லை என்பது என் அசைக்க முடியாத நம்பிக்கை.

நேர்முகத் தேர்வுக்கு எனக்கு அழைப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. தேர்வு மே மாதம், கொடைக்கானலில். மதுரை வெயிலில் பொதுப்பணி பற்றி யோசிப்பது குழுவினருக்குச் சிரமமாக இருந்திருக்கும் போல.

குழந்தைவேலுவுக்கு முகம் வாடியது உண்மை. ஆனால் அரைமணி நேரத்தில் தேறிவிட்டான். "நம்ம ரூம்ல ஒருத்தனுக்காச்சும் வந்துச்சே. ஆமா, நீ என்னத்த எழுதுன?" என்றான்.

"அடிவாரத்துல பக்தர்களுக்கு மோர் ஊத்துனத எழுதுனேன்."

"மோருக்கேவா கூப்புட்டாங்க?" என்று வியந்தான். அப்புறம் பெட்டியைத் திறந்து தன்னுடைய கம்பளிக் கோட்டை எடுத்தான். பழுப்பு நிறம். முழங்கையில் அவன் அம்மா சிவப்புத் துணியில் ஒட்டுப் போட்டிருந்தாள். "மேல குளிரும்டா. வெறும் சட்டையோட போனா பல்லு தந்தியடிக்கும், பதில் சொல்ல வராது. வெள்ளனே பஸ் ஏறி நம்ம வீட்டுக்கே வந்துரு. அம்மா சோறாக்கிப் போடும்."

கோட்டை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வருவதை மட்டும் மறுத்துவிட்டேன். எனக்கும் ஒரு மனசாட்சி இருந்தது. கோட்டு விஷயத்தில் அது கண்டுகொள்ளவில்லை.

ஏரிக்கரைக்கு மேலே ஒரு விருந்தினர் மாளிகையில் தேர்வு. குழுவில் மூன்று பேர். தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி; எழுபது வயதிருக்கும், கைத்தடி, நிமிர்ந்த முதுகு. ஒரு பெண்கள் கல்லூரிப் பேராசிரியை. பேசுவது குறைவு, பார்ப்பது அதிகம். மூன்றாமவர் செயலாளர், எல்லா விண்ணப்பங்களையும் ஒரு தோல்பையில் போட்டு, தாயைப் பிரியாத குழந்தைபோல அதைக் கட்டிக்கொண்டிருந்தார்.

நீதிபதி என் கட்டுரையைக் கையில் வைத்திருந்தார். "மிஸ்டர் தண்டபாணி, இதை நான் மூன்று முறை படித்தேன். பள்ளத்தாக்கின் மௌனக் கண்ணீர். அற்புதம்" என்றார். நான் அடக்கமாகத் தலை குனிந்தேன். கோட்டின் முழங்கைகளை மேசைக்குக் கீழே மறைத்துக்கொண்டேன்.

பேராசிரியை கேட்டார்: "எத்தனை குடும்பம்?"

"நாற்பது." (நோட்டின் பக்க எண்ணிக்கைதான் நினைவுக்கு வந்தது.)

"ஊர்க்காரர்கள் உடனே ஒத்துக்கொண்டார்களா?"

"அவர்களிடம் தேசத்தைப் பற்றிப் பேசினேன். மனம் உருகி ஒத்துக்கொண்டார்கள்."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். நீதிபதி கைத்தடியை எடுத்தார். "வில்பட்டி நாலு மைல்தானாமே. தினமும் ஏரியைச் சுற்றிச் சுற்றி எனக்கு அலுத்துவிட்டது. வாருங்கள், உங்கள் ஊற்றைப் பார்த்துவிட்டு வருவோம்."

"பாதை ரொம்பச் செங்குத்து சார்" என்றேன்.

"இறங்கத்தானே போகிறோம்."

"அட்டை கடிக்கும் சார்."

"நாற்பது வருஷம் கோர்ட்டில் இருந்தவன். அட்டையெல்லாம் எனக்குப் பழக்கம்."

"காட்டெருமை வரும் சார்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா? நான் பார்த்ததே இல்லையே. சீக்கிரம் வாருங்கள்."

ஆக, நான் ஜென்மத்தில் கால் வைக்காத ஊருக்கு மூன்று பெரிய மனிதர்களை அழைத்துக்கொண்டு, என் சொந்த ஊற்றைக் காட்டப் புறப்பட்டேன். செயலாளர் தோல்பையோடு வந்தார்.

முதல் அரை மைல் சமாளித்தேன். பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் முதல் சோதனை. முட்டைக்கோஸ் மூட்டையோடு ஏறி வந்த ஒரு அம்மாளிடம் ஓடிப்போய், "வில்பட்டிக்கு எதும்மா வழி?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். அந்தம்மா பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கிறமாதிரி, "வில்பட்டிக்கா? எடது பக்கமா எறங்குங்க. ஊருக்குப் புதுசுங்களா?" என்றாள்.

"வழி கேட்கிறீர்களா?" என்றார் பேராசிரியை.

"இல்லை மேடம். மக்களோடு பழகுவது என் வழக்கம்."

அதற்கப்புறம் யாரையும் கேட்கவில்லை. மட்டக்குதிரைகள் போகிற பாதையில் சாணம் கிடக்கும் அல்லவா? அதைப் பார்த்தே வழி கண்டுபிடித்தேன். கட்டுரையிலிருந்து குதிரைகளை விரட்டியவனுக்குக் குதிரைச் சாணம்தான் வழிகாட்டி. நான் தரையைப் பார்த்தே நடப்பதைக் கண்டு நீதிபதி, "என்ன சிந்தனை?" என்றார். "கிராமத்தைப் பற்றித்தான் சார்" என்றேன். ஒரு சிந்தனையில் கால் வழுக்கி, பத்தடி தூரம் உட்கார்ந்தபடியே போனேன். கோட்டில் பின்பக்கம் முழுக்கச் சேறு.

ஒருவழியாக ஊர் வந்தது. நல்லவேளை, ஊற்று பாதையோரத்திலேயே இருந்தது. மேலே சின்னதாகப் பலகை மூடிய ஏதோ ஒன்று. அதற்குக் கீழே அகலமாக, கம்பீரமாக, கல் வைத்துக் கட்டிய பெரிய தொட்டி. விளிம்புவரை தண்ணீர் தளும்பியது. இதுதான் என் நீர்த்தேக்கம் என்று பார்த்தவுடனே தெரிந்துகொண்டேன். மேலே மூடியிருந்தது ஏதாவது குலசாமியாக இருக்கும் என்று ஒரு கும்பிடும் போட்டேன்.

"சார், இதுதான்" என்றேன். குரல் தானாகவே தழுதழுத்தது. செயலாளரின் ஃபிளாஸ்க் மூடியை வாங்கி, பெரிய தொட்டியில் மொண்டு, இரண்டு கையாலும் நீதிபதிக்கு நீட்டினேன். நடந்த களைப்பில் அவர் மடமடவென்று குடித்தார். "தேவாமிர்தம்" என்றார். "ஒரு தனி மணம் இருக்கிறது. மூலிகையா?"

"ஆமாம் சார். மலை மூலிகை" என்றேன். இரண்டாவது மூடியும் கொடுத்தேன். பேராசிரியை மட்டும் தண்ணீரில் மிதந்த புல்லைப் பார்த்துக்கொண்டு, தாகமில்லை என்று சொல்லிவிட்டார்.

மூன்றாவது மூடி மொண்டுகொண்டிருந்தபோது, முதுகில் வெற்றுச் சேணத்தோடு ஒரு மட்டக்குதிரை வந்தது. யாரையும் சட்டை செய்யாமல் நீதிபதிக்கும் எனக்கும் நடுவே தலையை விட்டு, அதே தொட்டியில் உறிஞ்சத் தொடங்கியது. அதற்குப் பின்னால், சாக்கைத் தலையில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, குடத்தோடு ஒரு அம்மாள்.

"ஏப்பா, யாரு அது? பெரியவருக்குப் போயி குதிரத் தண்ணிய மோந்து குடுக்குறது? மேலத் தொட்டி என்னத்துக்குக் கெடக்கு?"

நீதிபதி என் கையிலிருந்த மூடியைப் பார்த்தார். குதிரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

பேராசிரியை அமைதியாகக் கேட்டார்: "ஏம்மா, இந்தத் தொட்டியைக் கட்டினவர் இவர்தானே?"

"இவுகளா? இவுக மொகத்த இன்னைக்குத்தான பாக்குறேன்" என்ற அந்தம்மா கிட்டத்தில் வந்தாள். என் முழங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "ஆனா கோட்டு எம் மகன் கோட்டு. இந்த ஒட்டு நான் போட்டது. எங்க தம்பி எம் மகன்? அவனுக்கு ஒன்னும் ஆகலையே?"

பிறகு என் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இப்பிடியா சேத்துல பொரட்டுறது" என்றாள்.

அடுத்த மேட்டுத் தோட்டத்திலிருந்து குழந்தைவேலு மண்வெட்டியோடு ஓடி வந்தான். என்னைக் கண்டதும் அவனுக்குச் சந்தோஷம். "ஏலே, வந்துட்டயா? வீட்டுக்கு வரமாட்டேன்னு பிகு பண்ணுன?" அப்புறம்தான் மற்றவர்களைப் பார்த்தான். நீதிபதியின் கையில் தட்டச்சுத் தாள், என் கையில் ஃபிளாஸ்க் மூடி. கணக்குப் பாடத்தில் அவன் எப்போதும் முதல். கூட்டிப் பார்க்க நேரமாகவில்லை. முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"நீங்களா கட்டியது?" என்று பேராசிரியை அவனைக் கேட்டார்.

அவன் என்னை ஒருமுறை பார்த்தான். "எல்லாருமாச் சேந்துதாங்க. இவனும் என் ரூம்தாங்க" என்றான்.

நீதிபதி என் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் தண்டபாணி, இதில் முதல் கல்லை வைத்தது யார்?"

இந்த இடத்தைத்தான் வீட்டில் யாரும் சொல்வதில்லை. குதிரை, கோட்டு, சேறு எல்லாம் சொல்வார்கள். அந்தக் கேள்விக்கு மூன்றே எழுத்தில் பதில் இருந்தது: அவன். நான் இன்னொரு மூன்றெழுத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

"நாங்க."

பேராசிரியை குழந்தைவேலுவிடம், "அப்படியானால் நீங்கள் ஏன் விண்ணப்பிக்கவில்லை?" என்றார்.

"போட்டேங்க. கூப்பிடலைங்க."

செயலாளருக்கு உற்சாகம் வந்துவிட்டது. தோல்பை சுமந்து வந்ததற்கு ஒரு பயன். தொட்டி விளிம்பில் வைத்துத் தேடி, ஒரு தாளை உருவினார். பேராசிரியை அதை வாங்கி, அவனுக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே சொன்னார்: "எனக்கு விவசாயத்தில் ஆர்வம் உண்டு. விடுமுறையில் தந்தைக்கு உதவுவேன். கிராமத்தை நேசிக்கிறேன். வாய்ப்பளித்தால் நன்றியுடையவனாவேன். இவ்வளவுதான் இருக்கிறது. ஊற்றைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே தம்பி?"

தன் விண்ணப்பத்தில் என்ன இருந்தது என்பதை அவன் அப்போதுதான் முதல்முதலாகக் கேட்டான். அவன் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைக் கட்டைவிரலால் வழித்துப் போட்டான்.

"எனக்கு இங்கிலீஷு அவ்வளவுதாங்க வரும்" என்றான்.

நான் ஃபிளாஸ்க் மூடியைத் துடைத்துச் செயலாளரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

திரும்பி ஏறும்போது நீதிபதி ஒரு தீர்ப்புச் சொன்னார். இருவர் சேர்ந்து செய்த பணிக்கு உதவித்தொகை தருவதற்கு விதிகளில் இடமில்லை. ஆகவே இருவருக்கும் இல்லை. அந்த வருஷம் எங்கள் மாவட்டத்தில் யாருக்குமே இல்லை. என்னுடைய 'நாங்க' என்ற ஒரு சொல் அவனுக்கு மிச்சமிருந்த கொஞ்ச வாய்ப்பையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டது. (நீதிபதியின் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று நாள் காய்ச்சலில் படுத்தது தண்ணீரே குடிக்காத பேராசிரியைதான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.)

ஜூன் மாதம் கல்லூரி திறந்தது. அறையில் குழந்தைவேலுவின் கட்டில் காலி. பத்து நாள் அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பதினோராவது நாள் எழுந்து உட்கார்ந்து, குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாலு பக்கம். நான் திருடன், நான் துரோகி, ஊற்று அவனுடையது, உதவித்தொகையை அவனுக்குக் கொடுங்கள். இதையும் ஆங்கிலத்தில்தான் எழுதினேன். நன்றாகவும் எழுதினேன், அதுதான் வினையாயிற்று.

மூன்று வாரத்தில் செயலாளரிடமிருந்து பதில் வந்தது. என் கடிதம் குழுவினரை உலுக்கிவிட்டதாம். குற்றத்தை இத்தனை துணிவோடு ஒப்புக்கொள்வதே பொதுப்பணிக்கு முதல் தகுதியாம். ஆகவே அவ்வாண்டு உதவித்தொகையை எனக்கே வழங்க முடிவு செய்திருக்கிறார்களாம். குழந்தைவேலு விஷயத்தில், அவர் முதல் சுற்றிலேயே தேறாதவர் என்பதால் மறுபரிசீலனைக்கு விதி இடம் தரவில்லையாம்.

உடனே மறுத்து எழுதினேன் என்று சொல்ல ஆசை. மூன்று நாள் கழித்துத்தான் மறுத்தேன். அந்த மூன்று நாளும் ஜீப் வந்து வந்து போயிற்று.

மறுத்ததும் என்ன ஆயிற்று தெரியுமா? விஷயம் எங்கள் முதல்வர் காதுக்குப் போய், காலைக் கூட்டத்தில் என்னை மேடையில் ஏற்றி, தியாகத்தின் திருவுருவம் என்றார். மாணவர்கள் கை தட்டினார்கள். நான் எந்தப் பக்கம் விழுந்தாலும் யாரோ மெத்தை போட்டுத் தாங்கினார்கள். தரையில் விழுந்தவன் ஒருவன்தான். அவன் வில்பட்டியில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை பஸ் ஏறினேன். வெளுத்துத் தேய்த்த கோட்டு ஒரு பையில், என் கடித நகலும் முதல்வர் தந்த பாராட்டுத் தாளும் இன்னொரு பையில். குழந்தைவேலு தோட்டத்தில் இருந்தான். கோட்டை வாங்கி உதறிப் பார்த்தான். மறு பையைக் காட்டி, "அது என்ன?" என்றான்.

"மன்னிப்புக் கேட்டுக் குழுவுக்கு எழுதுன கடுதாசி."

"வாசி. தமிழ்ல சொல்லு. நான் இங்கன இருந்து கேக்குறேன்."

வரப்பில் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகச் சொன்னேன். அவன் களை எடுத்துக்கொண்டே கேட்டான். முடித்ததும் நிமிர்ந்தான்.

"நாலு பக்கத்துல எம் பேரு எத்தன எடத்துல வருது?"

எண்ணிப் பார்த்தேன். "ரெண்டு."

"நீயி?"

எண்ண ஆரம்பித்து, முதல் பக்கத்திலேயே நிறுத்திவிட்டேன்.

"திருடுனப்பவும் நீதான் ராசா. அழுகுறப்பவும் நீதான் ராசா. குதிரக்காரக இதுலயாச்சும் இருக்காகளா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"நீ வெறும் திருடன் இல்லடா. அரைகொறத் திருடன். உள்ளத உள்ளபடி அடிச்சுட்டுப் போயிருந்தயின்னா, அந்தப் பெரிய மனுசன் குதிரத் தண்ணி குடிச்சிருக்க மாட்டாரு. நீயும் ஜம்முன்னு ஜீப்புல போயிருப்ப." அவன் சிரிக்கவில்லை. நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். "அம்மா சோறாக்கிருக்கு. சாப்ட்டுட்டு வெரசாக் கெளம்பு. கடைசி பஸ்ஸ விட்டுராத."

சாப்பிட்டேன். அந்தம்மா கேட்டது ஒன்றுதான்: "அடுத்த வருசமாச்சும் இவனக் கூப்புடுவாகளா தம்பி?" நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

கூப்பிடவில்லை. குழந்தைவேலு பி.ஏ. முடிக்கவில்லை. அவன் கல்லூரிச் சம்பளத்தை என் அப்பாவிடம் சொல்லிக் கட்டுகிறேன் என்று இரண்டு தடவை எழுதினேன். இரண்டுக்கும் ஒரே பதில்: பூண்டு நடவு, நேரமில்லை. நான் பழனியில் ஆங்கில ஆசிரியனாகி, முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தேன். கேலி செய்யவேண்டியதில்லை, நானே செய்துகொண்டாயிற்று. வருஷத்துக்கு ஒருமுறை வில்பட்டிக்குப் போவேன். அவன் ஊருக்காக ஏதாவது மனு இருந்தால் எழுதித் தருகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். "இருந்தாச் சொல்லுறேன்" என்பான். ஒருதடவைகூடச் சொன்னதில்லை.

இருபது வருஷம் கழித்து ஒருநாள், முன்னறிவிப்பு இல்லாமல் அவன் மகள் தங்கம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பழனியில்தான் கல்லூரியில் படித்தாள். கையில் ஒரு உறை. மாணவர் சேவைக்கான ஏதோ ஒரு உதவித்தொகை. அதே மாதிரிதான், பேர்தான் வேறு. அன்றே தபாலில் சேர்க்க வேண்டும்.

எனக்குள் இருபது வருஷமாகக் காத்திருந்தவன் துள்ளி எழுந்தான். பேனாவை எடுத்தேன், மூக்குக்கண்ணாடியை மாட்டினேன், மேசையைத் துடைத்தேன். "உட்காரும்மா. நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன். என் உயிரைக் கொடுத்து எழுதித் தருகிறேன்" என்றேன்.

அவள் உறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "இல்லைங்க மாமா. நானே எழுதிட்டேன். அப்பா சொல்லித்தான் விட்டாரு. மாமாவ ஒரு எழுத்தும் எழுத விடாத, ஆனா அவரு மனசு சங்கடப்படாம ஏதாச்சும் ஒரு சோலி குடுன்னாரு."

"என்ன சோலி?"

"ஸ்டாம்பு ஒட்டுறீங்களா?"

சமையலறையில் என் மனைவி சிரித்த சிரிப்பில் ஏதோ பாத்திரம் விழுந்தது. நான் பசையை எடுத்து வந்தேன். என் மேற்பார்வையில் எத்தனையோ பேர் பரீட்சை எழுதியிருக்கிறார்கள். அன்றைக்கு என்னை மேற்பார்வை செய்தது ஒரு பத்தொன்பது வயதுப் பெண். தபால்தலையைக் கோணலில்லாமல், நாலு மூலையும் அழுத்தி ஒட்டினேன். அவள் நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, சரி என்றாள். தெருமுனைத் தபால்பெட்டிவரை கூடவே நடந்தேன். உறையைப் பெட்டிக்குள் போட்டதும் அவள்தான்.

அவளுக்குக் கிடைத்தது. குழந்தைவேலு ஒரு கூடை பூண்டு அனுப்பிவைத்தான். 'ஸ்டாம்பு நல்லா ஒட்டியிருந்ததாம்' என்று ஒரு துண்டுச் சீட்டு கூடைக்குள் இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த விண்ணப்பம் வந்தாலும் என் கைக்கு வருவதில்லை. பேரன் பேத்திகள் கதவைச் சாத்திக்கொண்டு நிரப்புவார்கள். முடித்தபின், "தாத்தா, உங்க டிபார்ட்மெண்டு வந்தாச்சு" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். நான் எழுந்துபோய் ஒட்டிவிட்டு வருவேன். உறையைத் திருப்பி உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. பார்க்க விடுவதும் இல்லை.